ரான் பால் பின்னால் திரண்ட இளைஞர்கள் எங்கே போனார்கள்?

ஏம்ஸ்_பழைய_மாணவன்:

வேறோர் இழையில் ஒரு நண்பர், அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் சொத்து சேர்த்துவிட்ட வயதானவர்களின் கவலை, இருபது வயதுக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருந்தார். பதில் எழுதப்போய் நீண்டுவிட்டதால் தனி இழையாகப் போடுகிறேன்.

2012 ஜனவரி 3, அயோவா காகஸ், அதாவது குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக யார் வர வேண்டும் என்று அந்த மாநிலத்துக் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி ஓட்டுப் போடும் நாள். போட்டியில் இருந்தவர்களில் ஒருவரான ரான் பாலுக்கு அப்போது வயது 76. டெக்சஸில் மகப்பேறு மருத்துவராக 4000க்கும் மேல் பிரசவம் பார்த்தவர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அரசமைப்புச் சட்டம் அனுமதிக்காத செலவு என்று பட்டால் தன் கட்சி மசோதாவானாலும் எதிர்த்தே ஓட்டுப் போட்டு 'டாக்டர் நோ' என்று பெயர் வாங்கியவர். மொத்தத்தில் 21 சதவீதம் பெற்று மூன்றாவதாகத்தான் வந்தார். ஆனால் 30 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவருக்குத்தான் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து நியூ ஹாம்ப்ஷயரிலும் அப்படியே. இத்தனைக்கும் அந்த மனிதர் மாணவர்களுக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. மத்திய அரசின் கல்விக்கடன் திட்டத்தையே படிப்படியாக நிறுத்திவிடுவேன் என்று சொன்னவர். கல்வித் துறை உட்பட ஐந்து துறைகளை மூடுவேன், முதல் வருடத்திலேயே 1 டிரில்லியன் டாலர் செலவைக் குறைப்பேன், ஜனாதிபதி சம்பளமாக 39,336 டாலர் மட்டும் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் சாதாரண அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிடைப்பது அவ்வளவுதான் என்றார். கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இதைக் கேட்டுக் கை தட்டினார்கள். நான் அப்போது அயோவாவில் ஏம்ஸ் ஊரில் படித்துக்கொண்டிருந்தேன், இதைக் கண்ணால் பார்த்தவன்.

காகஸ் இரவில் என் அறைத்தோழன் தன் ஊருக்கு என்னையும் அழைத்துப் போனான். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடம். எனக்கு ஓட்டு கிடையாது, சுவரோரம் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து ஓரிரு நிமிடம் பேசுகிறார். ரான் பாலுக்காகப் பேசியது பள்ளி மாணவி ஒருத்தி, 17 வயதுதான், நவம்பருக்குள் 18 ஆகிவிட்டால் காகஸில் ஓட்டுப் போடலாம் என்பது அங்கே விதி. கையில் மடித்த காகிதம் நடுங்குகிறது, ஆனாலும் டாலரின் மதிப்பு ஏன் தேய்கிறது, போரை அறிவிக்கும் அதிகாரம் ஏன் காங்கிரஸுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அப்புறம் வெறும் துண்டுக் காகிதங்களில் பெயர் எழுதி வாங்கி எல்லார் முன்னாலும் எண்ணினார்கள். முடிவை வாசித்ததும் பாதிக் கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. கூட்டத் தலைவர், கவுண்டி மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது கை தூக்கியவர்கள் அநேகமாக அந்தப் பிள்ளைகள்தான். மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். இவர்கள் கட்சி விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள், அன்றைய வாக்கெடுப்பு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கவுண்டி, மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும் இதையே செய்து, ஆகஸ்டில் டாம்பா தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22ஐ ரான் பாலுக்குப் போட்டார்கள். மூன்றாவதாக வந்தவருக்கு! அதே மாநாட்டில் மெய்ன் மாநிலத்தில் முறைப்படி தேர்வாகி வந்த ரான் பால் பிரதிநிதிகள் பலரைக் கட்சி உட்கார விடவில்லை, இனிமேல் இப்படி நடக்காதபடி விதிகளையும் மாற்றினார்கள். அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

என் கருத்து இதுதான். வெளியிலிருந்து வரும் ஒரு வேட்பாளர் இளைஞர்களிடம் கோபத்தையும் வளர்க்கலாம், அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்ற எண்ணத்தையும் வளர்க்கலாம். ரான் பால் வளர்த்தது இரண்டாவதை. அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்பதைப் பற்றிப் பேசலாம்.

கணக்கன்_டல்லாஸ்:

நல்ல இழை. ஆனால் நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்த இளைஞர்கள் சிறிய அரசுக்காகப் போகவில்லை, போருக்கு எதிராகப் போனார்கள். 2007 மே மாதம் தென் கரோலினாவில் நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். பத்து வருடமாக ஈராக்கில் குண்டு போட்டுக்கொண்டிருந்தோம், அதன் எதிர்வினையும் 9/11க்கு ஒரு காரணம் என்று ரான் பால் சொல்ல, போட்டியில் இருந்த நியூயார்க் முன்னாள் மேயர் ஜூலியானி குறுக்கே விழுந்து அதைத் திரும்பப் பெறச் சொன்னார், கூட்டம் ஜூலியானிக்குக் கை தட்டியது. பால் பின்வாங்கவில்லை. அந்த மேடையில் அத்தனை பேர் முன்னால் ஒரு கிழவர் தனியாக நின்றதைப் பார்த்துத்தான் கல்லூரிப் பிள்ளைகள் யாரப்பா இவர் என்று தேட ஆரம்பித்தார்கள். அதோடு போதைப்பொருள் சட்டங்களை மத்திய அரசு கைவிட வேண்டும் என்ற பேச்சு. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இன்னொன்று, அவரையும் ரொம்பத் தூக்கி வைக்க வேண்டாம். தன் தொகுதிக்கான ஒதுக்கீடுகளை மசோதாவில் சேர்க்கச் சொல்வார், பிறகு அதே மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவார். மசோதா எப்படியும் நிறைவேறிவிடும், தொகுதிக்குப் பணம் வந்துவிடும். எங்கள் மக்கள் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கிறேன் என்பார். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏம்ஸ்_பழைய_மாணவன்:

கணக்கன் சார், ஒதுக்கீடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. ஆனால் போரையும் சிறிய அரசையும் தனித்தனியாகப் பிரிக்கிறீர்கள், அங்கேதான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு இரண்டும் ஒன்றே. 2002ல் ஈராக் தீர்மானம் வந்தபோது வெளியுறவுக் குழுவில் என்ன செய்தார் தெரியுமா? போரை முறைப்படி அறிவிக்கும் தீர்மானத்தைத் தானே கொண்டுவந்தார், கொண்டுவந்துவிட்டு, நானே இதை எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன், உங்களுக்குப் போர் வேண்டுமென்றால் அரசமைப்புச் சட்டப்படி நேராக அறிவியுங்கள் என்றார். ஆதரவு இல்லாமல் தோற்றது. முடிவெடுக்கும் பொறுப்பை ஜனாதிபதியின் கையில் தள்ளிவிட்டு நழுவாதீர்கள் என்பதுதான் அதன் பொருள். போர் நடத்தப் பணம் வேண்டும், வரி போட்டால் மக்கள் எதிர்ப்பார்கள், அதனால் கடன் வாங்கி மத்திய வங்கி மூலம் பணத்தைப் பெருக்குகிறார்கள், விலைவாசி ஏறி அந்தச் சுமை கடைசியில் சம்பளக்காரன் தலையில் விழுகிறது. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் போருக்கு எதிர்ப்பில் ஆரம்பித்து அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு வந்து சேர்ந்தார்கள். 2007ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் கூட்டத்தில் மாணவர்கள் 'ஃபெடை ஒழிப்போம்' என்று கோஷம் போட்டார்கள், டாலர் நோட்டைக் கொளுத்தினார்கள். மத்திய வங்கியின் பெயரைச் சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகள் கத்துவதை அதற்கு முன் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

அடுத்த வருடமே லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி, மற்ற வங்கிகளைக் காப்பாற்ற 700 பில்லியன் டாலர் மீட்பு மசோதா வந்தது. பால் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அப்பா வேலை போய், வீடு வங்கிக்குப் போய், அதே வங்கியை அரசு காப்பாற்றுவதைப் பார்த்த பிள்ளைக்கு, அரசும் பெரிய முதலாளியும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பொன்னி_ஹூஸ்டன்:

நான் இங்கே செவிலியராக இருக்கிறேன், அவர் தொகுதி இருந்த பக்கம்தான். இந்த இழையில் யாரும் தொடாததை நான் தொடுகிறேன். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அவர் பெயரைத் தாங்கி வந்த செய்தி மடல்களில் கறுப்பின மக்களைப் பற்றி வந்தவை படிக்கவே கூசும். 2008 ஜனவரியில் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தது. நான் எழுதவில்லை, எனக்கு உடன்பாடும் இல்லை என்றார். சரி, எழுதவில்லை. ஆனால் தன் பெயரில் என்ன வருகிறது என்று பார்க்காத ஒருவர், அதிகாரத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் 40வது ஆண்டைப் பாராட்டி 2004ல் சபையில் வந்த தீர்மானத்தையும் அவர் ஒருவர்தான் எதிர்த்தார். தனிச் சொத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். சாப்பாட்டுக் கடையில் உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டவனிடம் போய் அந்த வாதத்தைச் சொல்ல முடியுமா?

அப்புறம் மருத்துவம். 2011 செப்டம்பரில் டாம்பா விவாதத்தில், நல்ல வேலையில் இருக்கும் 30 வயது ஆள் காப்பீடு எடுக்கவில்லை, கோமாவில் விழுந்துவிட்டான், என்ன செய்வது என்று கேட்டார்கள். சுதந்திரம் என்றால் அதன் அபாயத்தையும் ஏற்பதுதான் என்றார், தேவாலயங்களும் அக்கம்பக்கமும் உதவும் என்றார். அவர் இளம் மருத்துவராக இருந்த காலத்தில் தேவாலய மருத்துவமனையில் அப்படி நடந்திருக்கலாம். இன்றைக்கு ஒரு ஐசியு படுக்கைக்கு ஒரு நாள் பில் என்ன வருகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். 2008ல் அவருடைய பிரசாரத்தை முன்னின்று நடத்தியவரே காப்பீடு இல்லாமல் நிமோனியாவில் இறந்துபோனார், சுமார் 4 லட்சம் டாலர் மருத்துவமனைக் கடன் மிஞ்சியது. இளைஞர்களை ஈர்த்தார் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், உடம்பு திடமாக இருக்கும் வயதில் இந்தக் கொள்கை இனிக்கத்தான் செய்யும்.

ஏம்ஸ்_பழைய_மாணவன்:

பொன்னி அக்கா, செய்தி மடல் விஷயத்தை நான் மழுப்பப் போவதில்லை. தன் பெயரில் வந்ததற்குப் பொறுப்பு அவருடையதுதான். அவருடைய இயக்கம் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களின் இயக்கமாகவே நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் போதைப்பொருள் வழக்குகளில் கறுப்பினத்தவர் அநியாயமாகச் சிறைக்குப் போகிறார்கள் என்பதைக் குடியரசுக் கட்சி மேடையிலேயே நின்று பேசியவர். அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மருத்துவம் பற்றி நீங்கள் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், அந்த வேலையில் இருப்பவர் நீங்கள். ஒன்று மட்டும்: அந்த ஐசியு பில் அந்த உயரத்துக்குப் போனதில் அரசுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இருக்கும் கூட்டுக்கும் பங்கு உண்டு என்பது அவர் தரப்பு. முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசுக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்ட் பணம் வாங்க மாட்டேன் என்று அந்த நோயாளிகளைக் கட்டணத்தைக் குறைத்தோ இலவசமாகவோ பார்த்தவர். ஒரு நாடு முழுவதற்கும் அது போதாது என்பதும் உண்மைதான்.

தென்முனை:

அமெரிக்கக் கதையோடு நிறுத்தாமல் அர்ஜென்டினாவையும் பாருங்கள். ரான் பால் தோற்றார், அங்கே அதே மாதிரி பேசிய ஹாவியர் மிலெய் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார், அதனால் அங்கே பார்த்தால் தெளிவாகத் தெரியும். எனக்கு வேலை புவெனஸ் ஐரிஸ் ஆட்களோடு, வருடக்கணக்காக அவர்களோடு தினமும் பேசுகிறேன். 2023ல் வருடப் பணவீக்கம் 211 சதவீதம். கூடவே வேலை பார்த்த பையன் ஒருவன் சம்பளம் வந்த அன்றே பெசோவை டாலராகவோ கிரிப்டோவாகவோ மாற்றிவிட ஓடுவான், மாலைக் கூட்டத்தை அதற்காகத் தள்ளிப்போடச் சொல்வான். அரசு வைத்த டாலர் விலை ஒன்று, தெருவில் விற்கும் 'ப்ளூ டாலர்' விலை வேறொன்று, இரண்டுக்கும் நடுவில்தான் அவன் வாழ்க்கை. அவனுக்கு அரசு எங்கே கை வைக்கிறது என்று எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிலெய் டிவியில் கத்திக்கொண்டிருந்த பொருளாதார நிபுணர். 2021ல் எம்.பி. ஆனதும் தன் சம்பளத்தை மாதாமாதம் குலுக்கல் போட்டு மக்களுக்குக் கொடுத்தார், 2023ல் அரசுச் செலவை வெட்டுவேன் என்று செயின்சாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அங்கே 16 வயதிலேயே ஓட்டு. பள்ளிப் பையன்கள் டிக்டாக்கில் அவரைப் பார்த்துவிட்டு வீட்டில் அம்மா அப்பாவிடம் வாதாடினார்கள். நவம்பர் 19 இறுதிச் சுற்றில் ஏறக்குறைய 56 சதவீதம். வந்தவுடன் 18 அமைச்சகங்களை 9 ஆக்கினார். 2024ல் பணவீக்கம் 118 சதவீதத்துக்கு இறங்கியது, ஆனால் அதே வருடம் முதல் பாதியில் வறுமை 53 சதவீதம் வரை ஏறி, பின் பாதியில் 38க்கு வந்தது. இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இணையத்தில் அவரவர் தமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள்.

இன்னொன்று கவனியுங்கள். 2024 ஏப்ரலில் பல்கலைக்கழக நிதி வெட்டை எதிர்த்து லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள், அதிலும் முன்னால் நின்றது இளைஞர்கள்தான். ஆக, இளைஞர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. வேலை பார்த்துச் சம்பளம் கரைவதைப் பார்த்தவன் ஒரு பக்கம் போகிறான், கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவன் இன்னொரு பக்கம் நிற்கிறான். இரண்டு பேருக்கும் அரசு என்றால் வேறு வேறு.

இளவேனில்_03:

நான் பிறந்தது 2003, இங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அண்ணன்கள் பேசும் ரான் பால் காலம் எனக்குக் கேள்விப்பட்டது மட்டும்தான். என் வயதுக்காரர்களுக்கு அரசைச் சுருக்குவது என்றால் நினைவுக்கு வருவது 2025தான், எலான் மஸ்கும், அரசுச் செலவை வெட்ட டிரம்ப் அமைத்த அந்த டோஜ் அமைப்பும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு திட்டத்துக்கான மானியம் ஒரு மின்னஞ்சலில் நின்றுபோனது. கூடப் படித்த பெண் பாதி முடித்த பரிசோதனையை மூடிவிட்டு, ஃப்ரீசரில் இருந்த மாதிரிகளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். யார் முடிவெடுத்தார்கள், எந்தச் சட்டப்படி என்று எங்கள் பேராசிரியருக்கே தெரியவில்லை. இதுதான் நீங்கள் சொல்லும் கொள்கை என்றால் எனக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது வேறு என்றால் என்ன வேறு என்று கொஞ்சம் சொல்லுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

கணக்கன்_டல்லாஸ்:

இளவேனில் கேட்டதற்கு ஏம்ஸ் தம்பி பதில் சொல்வதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். கென்டக்கி எம்.பி. தாமஸ் மாசி ரான் பால் ஆட்களின் ஆதரவில் 2012ல் ஜெயித்து வந்தவர். 2017ல் அவர் மனம்விட்டு ஒரு பேட்டி கொடுத்தார். ரான் பாலுக்கும், பிறகு அவர் மகன் ராண்ட் பாலுக்கும், எனக்கும் ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் சுதந்திரக் கொள்கைக்காகப் போட்டார்கள் என்று நினைத்திருந்தேன், அதே ஆட்கள் டிரம்புக்குப் போட்டதும்தான் புரிந்தது, போட்டியில் இருப்பவர்களில் யார் பெரிய கிறுக்கனோ அவனுக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்ற பொருளில் சொன்னார். உள்ளே இருந்தவரே சொல்வது. இழையின் தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

பொன்னி_ஹூஸ்டன்:

மாசி சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என் பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான். 2012ல் ரான் பால் பலகை வைத்திருந்த அதே புல்தரையில் நாலு வருடம் கழித்து டிரம்ப் பலகை. கேட்டால் ரெண்டு பேரையும் டிவிக்காரர்கள் வெறுக்கிறார்கள், எனக்கு அது போதும் என்றான்.

ஏம்ஸ்_பழைய_மாணவன்:

இல்லை சார், மாசியின் பேட்டி பாதிப் பதில்தான். மீதிப் பாதி மாசியே.

முதலில் இளவேனில் தங்கைக்கு. அரசு சிறியதா பெரியதா என்பது ஒரு கேள்வி. அரசுக்குக் கடிவாளம் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. அந்த மின்னஞ்சலில் செலவு குறைந்திருக்கலாம், ஆனால் காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை ஜனாதிபதி பக்கம் ஒரே உத்தரவில் நிறுத்தலாம் என்றால் அதிகாரம் ஓர் இடத்தில் போய்க் குவிகிறது. இன்றைக்கு வெட்டும் கை நாளைக்குக் கேட்பாரில்லாமல் அள்ளிக் கொடுக்கவும் செய்யும். ஈராக் போருக்கு நீங்களே ஓட்டுப் போட்டு அறிவியுங்கள் என்று காங்கிரஸிடம் கேட்ட ரான் பாலின் வழி இது இல்லை. அவர் ஃபெடரல் ரிசர்வைக் கணக்குத் தணிக்கைக்கு உட்படுத்தும் மசோதாவைப் போட்டு, வருடக்கணக்காக உறுப்பினர்களிடம் ஆதரவுக் கையெழுத்து சேர்த்து, 2012 ஜூலையில் 327க்கு 98 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார். செனட்டில் தூங்கிப்போனது. மெதுவான வழிதான், தோற்றுப்போகிற வழியும்தான், ஆனாலும் தோற்றபோது விதியை மீறவில்லை. 

இப்போது கணக்கன் சாருக்கு. சத்தம் போட்டவர்களில் பலர் அடுத்த சத்தத்துக்குப் போனார்கள் என்பது உண்மை. பொன்னி அக்காவின் பக்கத்து வீட்டுப் பையனைப் போல எனக்கும் சிலரைத் தெரியும், என் அறைத்தோழனே அதில் ஒருவன். ஆனால் காகஸ் இரவில் கடைசி வரை இருந்தவர்கள், விதிப் புத்தகம் படித்தவர்கள் வேறு ரகம். 2008 பிரசாரத்தின் மாணவர் அணியிலிருந்து பிறந்த 'யங் அமெரிக்கன்ஸ் ஃபார் லிபர்ட்டி' இன்றும் கல்லூரிகளில் இருக்கிறது. அரசுத் தலையீட்டை எதிர்த்த பொருளாதார அறிஞர்கள் மீசஸ், ஹையக் பெயரெல்லாம் அந்தப் பிள்ளைகள் அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டார்கள், தேடிப் படித்தார்கள். மிச்சிகனிலிருந்து ஜஸ்டின் அமாஷ் 2010ல் 30 வயதில் எம்.பி. ஆனார், தான் போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணத்தை ஃபேஸ்புக்கில் எழுதிக்கொண்டே வந்தார்.

மாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் 2 டிரில்லியன் டாலருக்கும் மேலான கோவிட் நிவாரண மசோதா வந்தபோது, குரல் வாக்கில் நிறைவேற்ற வேண்டாம், யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பதிவாகட்டும் என்று கேட்டார். கட்சியே அவர் மேல் பாய்ந்தது, டிரம்ப் கட்சியை விட்டே தூக்குங்கள் என்றார். 2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரி மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்த இரண்டு குடியரசுக் கட்சி எம்.பி.களில் ஒருவர் அவர், கடன் ஏறும் என்பது அவர் சொன்ன காரணம். 2008ல் 10 டிரில்லியனாக இருந்த அமெரிக்கக் கடன் 36 டிரில்லியனைத் தாண்டிவிட்ட நேரம் அது. யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பேட்டியில் வருத்தப்பட்ட மனிதர், தான் போடும் ஓட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

தன் ஆள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவன் கையைக் கட்டச் சொல்கிறானா என்று மட்டும் பாருங்கள், யார் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

தென்முனை:

அந்த அளவுகோலை மிலெய் ஆட்களுக்கும் வையுங்கள். காங்கிரஸைத் தாண்டி அவசர ஆணையில் பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தபோது, கொள்கை சரி ஆனால் இந்த வழி சரியா என்று கேட்ட அவருடைய இளம் ஆதரவாளர்கள் கொஞ்சம் பேர்தான். 2025 பிப்ரவரியில் ஒரு கிரிப்டோ நாணயத்தை அவர் எக்ஸ் தளத்தில் தூக்கிவிட்டு, அது சில மணி நேரத்தில் சரிந்து பலர் பணம் போனபோது, என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பையன் முதல் தடவையாக அவரைத் திட்டினான். அவன் பணமும் அதில் கொஞ்சம் போயிருந்தது.

இளவேனில்_03:

ஏம்ஸ் அண்ணா, பதிலுக்கு நன்றி. மானியம் விஷயத்தில் என் மனம் ஆறவில்லை, ஆனால் வித்தியாசம் புரிகிறது. அமாஷ் பற்றிச் சொன்னீர்களே, அவர் இப்போதும் காங்கிரஸில் இருக்கிறாரா?

ஏம்ஸ்_பழைய_மாணவன்:

இல்லை. 2019ல், 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி விசாரித்த முல்லர் அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு, டிரம்ப் செய்தது பதவி நீக்க விசாரணைக்கு உரியது என்று சொன்ன முதல் குடியரசுக் கட்சி எம்.பி. அவர்தான். அந்த ஜூலை 4ஆம் தேதி கட்சியை விட்டு விலகினார். 2020ல் தொகுதியில் திரும்ப நிற்கவில்லை. 2024ல் குடியரசுக் கட்சிக்கே திரும்பி செனட்டுக்கு முயன்று பார்த்தார், உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார்.